புதிய ஸ்கீயைச் சோதித்தலும் செப்பம் செய்தலும்

ஸ்லாலம் ஓட்டத்துக்கென்று புதிய நீர்ச்சறுக்கு ஸ்கீ வாங்கியவர்கள் முதல் வாரத்திலேயே இரண்டு காரியங்களைச் செய்துவிடுகிறார்கள். ஸ்கீ நல்லதா, கெட்டதா என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள்; அடியில் இருக்கும் ஃபின்னின் திருகுகளைத் தளர்த்திவிடுகிறார்கள். இரண்டையும் தள்ளிப்போட வேண்டும் என்பதுதான் இந்த அத்தியாயத்தின் வாதம். முதல் சில நாட்களில் நீங்கள் சோதிப்பது ஸ்கீயை அல்ல. பழைய ஸ்கீயில் ஊறிப்போன உங்கள் உடம்பின் பழக்கத்தைத்தான். அந்தப் பழக்கம் புதிய பலகைக்கு ஏற்ப மாறிக்கொண்டிருக்கும் வேளையில் பலகையின் அளவுகளையும் மாற்றினால், முன்னேற்றம் வந்தாலும் பின்னடைவு வந்தாலும் எது காரணம் என்று யாராலும் சொல்ல முடியாது. அளவெடுப்பது முதலில், காத்திருப்பது அடுத்து, திருத்துவது கடைசியில். இந்த வரிசை பொறுமையைப் போற்றுவதற்காகச் சொல்லப்படுவதன்று. இதற்குக் கணக்கு இருக்கிறது.

களத்தின் அளவுகளிலிருந்து தொடங்கலாம். நுழைவாயிலிலிருந்து வெளிவாயில் வரை ஸ்லாலம் களம் 259 மீட்டர். படகு செல்லும் நடுக்கோட்டிலிருந்து 11.5 மீட்டர் தள்ளி, வலமும் இடமுமாக ஆறு மிதவைகள். ஒரு மிதவைக்கும் அடுத்ததற்கும் நீளவாக்கில் 41 மீட்டர் இடைவெளி. படகு மணிக்கு 55 கிலோமீட்டரில் சென்றால் முழுக் களத்தையும் 16.95 வினாடியில் கடந்துவிடும். ஒரு மிதவையிலிருந்து அடுத்ததற்கு 2.7 வினாடிதான். ஆண்களுக்கான உச்ச வேகமாகிய 58 கிலோமீட்டரில் அது சுமார் 2.5 வினாடியாகக் குறைகிறது. இதற்குள் சறுக்குபவர் 23 மீட்டர் குறுக்கே பாய்ந்து, படகின் அலைத்தடத்தைக் கடந்து, வேகம் தணிந்து, மிதவையைச் சுற்றித் திரும்பியாக வேண்டும். ஆறு முறை இதைச் செய்தால் ஒரு முழு ஓட்டம். வேகம் உச்சத்தை எட்டிய பிறகு ஒவ்வொரு முழு ஓட்டத்துக்கும் கயிறு குறைக்கப்படுகிறது: 18.25 மீட்டர், 16, 14.25, 13, 12, 11.25 என்று. 11.25-இல் கயிற்றின் நீளம் மிதவை நிற்கும் தூரத்தைவிடக் குறைவு. மீதியை நீட்டிய கையும் சாய்ந்த உடம்பும் ஈடுகட்ட வேண்டும். இவ்வளவு குறுகிய நேரத்தில் இத்தனை செயல்கள் நடக்கும்போது, நுழைவாயிலில் கால் நொடி தாமதித்தாலே ஆறாவது மிதவை கைநழுவிப் போகும். ஃபின்னை கால் மில்லிமீட்டர் நகர்த்தியதன் விளைவைவிட அந்தத் தாமதத்தின் விளைவு பெரியது. ஸ்கீயைச் சோதிப்பவர் முதலில் மனத்தில் இருத்த வேண்டிய உண்மை இது.

புதிய ஸ்கீயில் முதல் நாளே நன்றாக ஓடியது என்று பலர் சொல்வதை நம்பாமல் இருக்க வேண்டியதில்லை. அதற்குக் காரணம் ஸ்கீதான் என்பதைத்தான் உடனே நம்பக் கூடாது. பெரும்பாலானவர்கள் புதிய ஸ்கீயைத் தேடுவது தங்கள் ஓட்டம் சரிந்திருக்கும் காலத்தில். சரிவு தற்செயலானதாக இருந்தால், ஸ்கீயை மாற்றாமல் இருந்திருந்தாலும் சில நாட்களில் வழக்கமான நிலைக்குத் திரும்பியிருப்பார்கள். அந்தப் புகழ் புதிய ஸ்கீக்குப் போய்ச் சேருகிறது. அதோடு, புதிய பொருள்மீது கவனம் கூடுகிறது. கவனம் கூடினால் நிற்கும் நிலை சீராகிறது. நிலை சீரானால் எந்த ஸ்கீயும் நன்றாகத்தான் திரும்பும். இதன்மேல் எண்ணிக்கையின் சிக்கலும் இருக்கிறது. ஒருவர் 13 மீட்டர் கயிற்றில் இரண்டு முயற்சிக்கு ஒன்று என்ற கணக்கில் முழு ஓட்டம் முடிப்பவர் என்று வைத்துக்கொள்வோம். அவர் புதிய ஸ்கீயில் 10 முயற்சிகளில் ஏழு முடித்தால் ஊரெல்லாம் சொல்லி மகிழ்வார். ஆனால், திறமையில் எந்த மாற்றமும் இல்லாத அதே மனிதர் வெறும் தற்செயலால் 10-க்கு ஏழோ அதற்கு மேலோ முடிக்கும் வாய்ப்பு சுமார் 17 சதவீதம். ஆறு பேர் இப்படிச் சோதித்தால் அவர்களில் ஒருவர் இல்லாத முன்னேற்றத்தைக் கண்டுபிடித்திருப்பார். நான்கு முயற்சிகளை வைத்து முடிவு கட்டுபவரின் நிலையைச் சொல்லவே வேண்டாம்.

ஆகவே, சோதனைக்கு எந்த ஓட்டத்தைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பது முக்கியமாகிறது. பலரும் தங்கள் எல்லையில் இருக்கும் ஓட்டத்தைத்தான் உரைகல்லாக வைக்கிறார்கள்: “இந்த ஸ்கீயில் 12 மீட்டரில் எத்தனை மிதவை எடுக்கிறேன் பார்ப்போம்.” எல்லையில் ஒருவர் செய்வது ஸ்லாலம் அல்ல, தப்பிப் பிழைத்தல். அங்கே ஒவ்வொரு திருப்பமும் முந்தைய திருப்பத்தின் பிழையைச் சரிக்கட்டும் முயற்சி. ஸ்கீயின் குணம் அதில் தெரியாது. பத்துக்கு எட்டு ஒன்பது முறை தடுமாறாமல் முடிக்கும் ஓட்டமே சரியான சோதனைக் களம். அந்த ஓட்டத்தில் எத்தனை மிதவை என்பது கேள்வியே அல்ல. எப்படி எடுத்தோம் என்பதுதான் கேள்வி. படகில் ஒரே இடத்தில் பொருத்திய கேமரா இதற்குப் போதும். திருப்பம் மிதவைக்கு முன்பே முடிகிறதா, தாண்டியா? திரும்பி முடித்ததும் கயிறு தொய்கிறதா? அலைத்தடத்தைக் கடக்கும்போது ஸ்கீயின் முனை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது? ஒற்றை எண் மிதவைகளையும் இரட்டை எண் மிதவைகளையும் தனித்தனியே குறிக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கத் திருப்பம் எளிது, மறுபக்கம் கடினம். இரண்டையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் ஸ்கீயின் குறை எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பது மறைந்துவிடும்.

நீரில் இறங்குவதற்கு முன் கரையில் செய்ய வேண்டியது அளவெடுப்பு. நான்கு அளவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள்: முன்காலணியின் குதிகால் பலகையின் வால்முனையிலிருந்து எவ்வளவு தூரம்; ஃபின்னின் நீளம்; அதன் ஆழம்; அது வால்முனையிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது. விங் என்னும் சிறு இறக்கைத் தகடு பொருத்தியிருந்தால் அதன் கோணத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அது பெரும்பாலும் 7 முதல் 9 பாகைக்குள் இருக்கும். இந்த விளையாட்டில் ஃபின் அளவுகள் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்காகவே பேசப்படுகின்றன. ஆழம் இரண்டரை அங்குலத்தை ஒட்டியும், நீளம் ஏழு அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாகவும், வாலிலிருந்து தூரம் முக்கால் அங்குலத்தை ஒட்டியும் இருப்பது வழக்கம். தயாரிப்பாளர் அச்சிட்டுத் தரும் எண்கள் உங்கள் ஸ்கீயில் அப்படியே இருக்கின்றன என்று சரிபார்க்காமல் நம்ப வேண்டாம். நீளத்தைக் கேலிப்பரின் கூர்முனைகளால் அளப்பதற்கும் தட்டைத் தாடைகளால் அளப்பதற்கும் வேறு வேறு எண் வரும். தயாரிப்பாளர் எந்த முறையைச் சொல்கிறார் என்று தெரியாமல் எண்ணை மட்டும் ஒப்பிட்டால் குழப்பம்தான் மிஞ்சும்.

அளவெடுப்பின் நுட்பத்தை ஒருவர் எவ்வளவு மதிக்க வேண்டும் என்பதற்கு வெப்பமே சாட்சி. அலுமினிய ஃபின் 174 மில்லிமீட்டர் நீளம் என்று கொண்டால், 15 பாகை செல்சியஸ் சூடேறும்போது அது சுமார் 0.06 மில்லிமீட்டர் நீள்கிறது. ஸ்லாலம் வட்டாரத்தில் ஒரு சிறு திருத்தம் என்றால் ஆயிரத்தில் ஐந்து அங்குலம், அதாவது 0.13 மில்லிமீட்டர். ஸ்கீ வெயிலில் காய்ந்துகொண்டிருக்க, கேலிப்பர் பைக்குள் நிழலில் கிடந்தால், நீங்கள் செய்யப்போகும் திருத்தத்தில் ஏறத்தாழப் பாதி அளவுக்குப் பிழை முன்பே உள்ளே வந்துவிடுகிறது. கை அழுத்தத்தின் வேறுபாடு இதற்கு மேல். ஆகவே ஸ்கீயையும் கருவியையும் ஒரே நிழலில் சற்று நேரம் வைத்து, ஒரே கையால் மூன்று முறை அளந்து, மூன்றும் ஒத்துவந்தால் மட்டும் எழுதுங்கள். மூன்று அளவுகளுக்குள் ஆயிரத்தில் நான்கு அங்குலம் வேறுபாடு வருமானால், ஆயிரத்தில் ஐந்து அங்குலத் திருத்தம் செய்யும் தகுதி உங்கள் அளவெடுப்புக்கு இன்னும் வரவில்லை.

அளந்து முடித்தபின் எதையும் தொடாமல் ஓட வேண்டும். எவ்வளவு காலம் என்றால், எளிய ஓட்டங்களில் ஸ்கீயைப் பற்றிய நினைப்பே வராத வரைக்கும். சிலருக்கு அது ஒரு வாரத்தில் வரும், சிலருக்கு ஒரு மாதம் ஆகும். முதல் சுற்று முடிந்ததும் எல்லாத் திருகுகளையும் மறுபடி முறுக்கிப் பாருங்கள். புதிய பலகையில் அவை தளர்வது இயல்பு. விழும்போது காலணி கழலும் முறையையும் மெதுவான வேகத்தில் முதலிலேயே உறுதிசெய்துகொள்ளுங்கள். ஒரு கால் கழன்று மறுகால் மாட்டிக்கொள்வதுதான் கணுக்காலை முறிக்கும் விபத்து. இதில் மட்டும் காத்திருப்புக்கு இடமில்லை.

காத்திருந்தபின்னும் ஒரு குறை நீங்காமல் நின்றால் அப்போது திருத்தலாம். முதலில் தொட வேண்டியது காலணியின் இடத்தை, ஃபின்னை அல்ல. பலகையின்மேல் உடம்பின் எடை எங்கே விழுகிறது என்பதே மற்ற எல்லாவற்றுக்கும் அடித்தளம். காலணியை முன்னே நகர்த்தினால் முனை தாழ்ந்து நீரை அதிகம் பற்றும். பின்னே நகர்த்தினால் முனை உயர்ந்து பலகை தடையின்றி ஓடும், ஆனால் திருப்பம் அகலும். இதை நகர்த்தும் அளவு ஒரு துளை, கண்ணுக்குத் தெரியும் மாற்றம். விளைவும் அதற்கேற்பத் தெளிவாகத் தெரியும். அடித்தளம் சரியில்லாமல் ஃபின்னை நகர்த்துபவர், எடை தவறான இடத்தில் விழுவதைத் தகட்டைக் கொண்டு சரிக்கட்டப் பார்க்கிறார். அது ஒரு பக்கத் திருப்பத்தைச் சீராக்கி மறுபக்கத்தைக் கெடுப்பதில் போய் முடியும்.

ஃபின்னின் வேலை, வால் பக்கவாட்டில் வழுக்குவதை எவ்வளவு அனுமதிப்பது என்று தீர்மானிப்பது. பின்னே தள்ளி நின்றால் வால் உறுதியாகப் பிடிக்கும், திருப்பம் நீளும். முன்னே வந்தால் வால் எளிதில் விடுபடும், திருப்பம் குறுகும். ஆழம் கூடினால் பிடிப்பு கூடும். குறைந்தால் வால் சுழன்று வரும். நீளம் கூடினால் தகட்டின் பரப்பு முன்பக்கம் வளர்கிறது. முனை நீரைப் பற்றும் உணர்வு அதிகரிக்கும். விங் மிதவையை நெருங்கும்போது வேகத்தைத் தணிக்கிறது. இவை போக்குகள்தாம், விதிகள் அல்ல. ஏனென்றால் இந்த அளவுகள் ஒன்றையொன்று சாராமல் நிற்பவை அல்ல. ஃபின்னின் முன்விளிம்பும் பின்விளிம்பும் சரிவானவை. அதைக் கீழே இறக்கினால் ஆழத்தோடு நீளமும் கூடிவிடும். முன்பக்கத்தை மட்டும் இறக்கினால் மூன்று அளவுகளும் ஒருங்கே மாறும். மிருதங்கத்துக்குச் சுதி சேர்ப்பவர் ஒரு கண்ணைத் தட்டியதும் எதிர்க்கண்ணின் ஒலியையும் கேட்டுப் பார்ப்பதுபோல, ஒவ்வொரு திருத்தத்துக்குப் பிறகும் மாற்றாத அளவுகளையும் சேர்த்து அளந்தாக வேண்டும். ஆழத்தை மட்டும் மாற்றினேன் என்று நினைத்துக்கொண்டு மூன்றையும் மாற்றியவர்கள் எழுதிவைத்த குறிப்புகளால் யாருக்கும் பயனில்லை.

குறை ஸ்கீயில் இருக்கிறதா, ஓட்டுபவரிடம் இருக்கிறதா என்று பிரித்தறிய ஒரு வழி உண்டு. குறை எந்த மிதவையில் தொடங்குகிறது என்று பாருங்கள். எளிய ஓட்டத்தில், நேரம் தாராளமாக இருக்கும்போதே, முதல் மிதவையிலேயே முனை திடீரென நீரைக் கவ்வி உங்களை முன்னே இழுக்கிறது என்றால், சந்தேகம் ஸ்கீயின்மேல் விழலாம். முதல் மூன்று மிதவை சீராகச் சென்று, நான்கிலோ ஐந்திலோ அதே குறை தலைகாட்டினால், நீங்கள் தாமதமாகி, அவசரமாகத் திருப்புகிறீர்கள். எந்த ஸ்கீயும் அந்த இடத்தில் அப்படித்தான் நடந்துகொள்ளும். இந்த இரண்டாம் வகைக் குறைக்கு ஃபின்னைத் திருத்துவதுதான் இந்த விளையாட்டில் அதிகம் நடக்கும் வீண்வேலை என்பது என் கணிப்பு. மருந்து நுழைவாயிலில் இருக்க, தேடுவது வாலில்.

திருத்தம் என்று முடிவானால், ஒரு நேரத்தில் ஒரே அளவு, ஒரே திசையில். அதைவிட முக்கியம், திரும்பிப் போவது. பழைய அளவில் ஒரு சுற்று, புதிய அளவில் ஒரு சுற்று, மறுபடி பழைய அளவில் ஒரு சுற்று. குறை நீங்கி, பழைய அளவுக்கு வந்ததும் மீண்டும் தலைகாட்டினால்தான் திருத்தம் வேலைசெய்தது என்று பொருள். திரும்பிப் போகாமல் விட்டவருக்குத் திருத்தம் உதவியதா, உடம்பு சூடேறியது உதவியதா, காற்று அடங்கியது உதவியதா என்று தெரிய வழியில்லை. முடிந்தால் ஃபின்னை நண்பர் ஒருவர் மாற்றட்டும். மாற்றினாரா, மாற்றாமல் விட்டாரா என்பதைச் சுற்று முடிந்தபின் சொல்லட்டும். எதிர்பார்ப்பு உணர்வை எவ்வளவு வளைக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் முறை இல்லை. பழைய ஸ்கீயையும் புதியதையும் ஒப்பிடும்போது, ஒரு நாள் பழையது முதலில், மறுநாள் புதியது முதலில் என்று மாற்றுங்கள். இல்லாவிட்டால் களைப்பு எப்போதும் ஒரே ஸ்கீயின் கணக்கில் எழுதப்படும். படகும் ஒன்றாக இருக்க வேண்டும், கயிறும் ஒன்றாக இருக்க வேண்டும். ஜீரோ ஆஃப் போன்ற ஜிபிஎஸ் வேகக் கட்டுப்பாடு உள்ள படகு என்றால், அதில் ஏ, பி, சி என்ற எழுத்தும் 1, 2, 3 என்ற எண்ணும் சேர்ந்த செட்டிங் மாறாமல் இருக்க வேண்டும். உங்கள் இழுப்புக்கு எஞ்சின் எப்படிப் பதில் தருகிறது என்பது அதைப் பொறுத்தது. அது மாறினால் ஸ்கீயே மாறியதுபோல் தோன்றும்.

இதற்கு எதிராகச் சொல்லப்படுபவற்றில் வலுவானது ஒன்று: உலகத் தரமுள்ள வீரர்கள் இரண்டு ஓட்டங்களில் ஸ்கீயைப் பற்றிச் சரியாகச் சொல்லிவிடுகிறார்களே? உண்மைதான். பல்லாண்டுகள் நாள்தோறும் ஓடிய உடம்பில் ஓட்டத்துக்கு ஓட்டம் வேறுபாடு மிகக் குறைவு. அதனால் ஸ்கீயின் சிறு வேறுபாடும் அவர்களுக்குத் தெரிகிறது. நமக்கு நம் சொந்த வேறுபாடே பெரிது. ஆனால் இந்த மறுப்பில் ஏற்க வேண்டிய பாதியும் உண்டு: மோசமான பொருத்தம் விரைவில் தெரிந்துவிடும். உங்கள் எடைக்குச் சிறிய ஸ்கீ மூழ்கிக்கொண்டே ஓடும். அதைக் கண்டுகொள்ள மாதம் தேவையில்லை. நிராகரிக்க ஒரு நாள் போதும். ஏற்றுக்கொள்ளத்தான் காலம் வேண்டும்.

தயாரிப்பாளரின் அளவு வேறு யாருக்கோ பொருந்துவது, எனக்கு ஏன் அது என்பது இன்னொரு மறுப்பு. அது உங்களுக்குச் சரியான அளவு என்று யாரும் சொல்லவில்லை. அது பலரும் அறிந்த ஓரிடம். வழி தவறினால் திரும்பிவர உதவும் இடம். மற்றவர்கள் அந்த ஸ்கீயைப் பற்றிச் சொல்வதெல்லாம் அந்த அளவை வைத்துத்தான். அதை விட்டு விலகியபின் அவர்கள் அனுபவம் உங்களுக்கு உதவாது. மூன்றாவது மறுப்பு, நீரும் காற்றும் நாளுக்கு நாள் மாறும்போது இவ்வளவு கறாரான சோதனைக்கு என்ன பொருள் என்பது. மாறுவதால்தான் ஒரே நாளில், ஒரே நீரில், போய்த் திரும்பும் முறை தேவைப்படுகிறது. அந்த மாற்றங்களின் இரைச்சலுக்கு மேல் கேட்காத திருத்தம் போட்டி நாளிலும் உங்களுக்கு உதவப்போவதில்லை.

நீரின் வெப்பநிலை பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். குளிர் தொடங்கியதும் ஃபின்னை நகர்த்தும் பழக்கம் குளிர்நாடுகளில் பரவலாக இருக்கிறது. நன்னீர் 30 பாகையிலிருந்து 10 பாகைக்குக் குளிரும்போது அதன் அடர்த்தி அரை சதவீதம்கூட உயர்வதில்லை. ஆகவே பலகையைத் தூக்கிநிறுத்தும் விசை ஏறத்தாழ அப்படியே இருக்கிறது. பிசுபிசுப்போ 60 சதவீதத்துக்கு மேல் உயர்கிறது; பலகையின் பரப்பில் உராய்வு கூடுகிறது. ஓட்டம் கனமாகத் தோன்றுவதற்கு இதில் நியாயம் உண்டு. ஆனால் அதே நாளில் நீங்கள் தடித்த ரப்பர் உடை அணிந்திருக்கிறீர்கள். முழங்கால் மடங்க மறுக்கிறது. விரல்கள் கைப்பிடியை இறுக்குகின்றன. இவற்றில் நீரின் பங்கு எவ்வளவு, உடம்பின் பங்கு எவ்வளவு என்று பிரிக்காமல் கோடையில் உழைத்துக் கண்ட அளவைக் கலைப்பது அவசரம். கடல்நீர் வேறு கதை: அது நன்னீரைவிட இரண்டரை சதவீதம் அளவுக்கு அடர்த்தியானது, உப்பு நீரில் சோதித்த அளவை ஏரிப் போட்டிக்குக் கொண்டுபோகும் முன் அங்கே ஒரு சுற்று ஓடிப் பார்ப்பது நல்லது.

செப்பம் செய்வதை எப்போது நிறுத்துவது? எளிய ஓட்டத்தில் இரு பக்கத் திருப்பமும் மிதவைக்கு அருகே முடிந்து, கயிறு தொய்யாமல் இருந்தால், அங்கேயே நிறுத்துங்கள். அந்த எண்களைக் குறிப்பேட்டிலும், நீர் படாத மையால் ஸ்கீயின் அடிப்பக்கத்திலும் எழுதிவையுங்கள். போட்டிக்கு முந்தைய இரண்டு வாரத்தில் திருப்புளியைக் கையில் எடுக்காதீர்கள். அந்த நாட்களில் வரும் குறை பெரும்பாலும் பதற்றத்தின் குறை. ஒரு பருவம் முழுதும் முறையாகச் சோதித்தபின்னும் பழைய ஸ்கீயும் புதியதும் ஒரே கணக்கைக் காட்டினால், பழையதையே வைத்துக்கொண்டு புதியதை விற்றுவிடுங்கள்; அந்தப் பணத்துக்குப் படகில் இன்னும் பல சுற்றுகள் ஓடலாம்.